ஏப்பம் வரும்வரை

பால் குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்காவனம் கரும்பு வயலின் நடுவே நின்றாள். ஏப்பம் வராமல் கீழே விடக் கூடாது. போன வாரம் குடித்த கையோடு காய்ந்த கரும்புச் சோகைமேல் கிடத்திவிட்டுக் கரும்பைக் கட்டப் போனாள். திரும்பி வந்தபோது, கக்கிய பால் மூக்கில் ஏறிப் பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. பிழைக்க வைத்த நர்சம்மா, "நிமித்திப் புடிச்சி முதுகத் தட்டு, அவசரப்படாத" என்று சொல்லி அனுப்பினார்.

லாரி வந்துவிட்டது. வெட்டிய கரும்பு கட்டாமல் கிடந்தது. "என்னா காத்தவராயா, உம் பொண்டாட்டி கூலிக்கு வந்தாளா, தாலாட்டுப் பாட வந்தாளா?" என்றார் மேஸ்திரி. ஆட்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் காத்தவராயனால் பொறுக்க முடியவில்லை. கையிலிருந்த கரும்பால் அவள் முதுகில் அடித்தான். "எறக்கிப் போடுடி அத!"

"ஏப்பம் வரலய்யா."

மறுபடி அடித்தான். கரும்பு ஒடிந்தது. வேறொன்றை எடுத்தான். காதோரம் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. பிள்ளைமேல் படாதபடி அவள் திரும்பித் திரும்பி முதுகையே கொடுத்தாள். அவனுடைய வேகம் அவள் கைக்கு ஏறவில்லை. அந்தக் கை பிள்ளையை மெதுவாகவே தட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரியே "போதும்டா" என்றார்.

பிள்ளை ஏப்பம் விட்டது. ஒரு வாய்ப் பால் அவள் தோளில் வழிந்தது. அதன் வாயைத் துடைத்து, விரித்த சேலையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, பூங்காவனம் நிமிர்ந்து புருஷன் பக்கம் திரும்பினாள். இப்போது அவளுக்கு இரண்டு கையும் ஒழிந்திருந்தன.