நாற்பத்தொரு மீன்

ஒரு ஆள் தன் வீட்டு ஃப்ரீசரில் ஐந்து டிரவுட் மீன் வைத்துக்கொள்ளலாம். அதுதான் சட்டம். ஹில்மாவின் ஃப்ரீசரில் டெல்பர்ட் எண்ணி முடித்தபோது நாற்பத்தொன்று இருந்தது.

"இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கிறேன்" என்றார் டெல்பர்ட்.

"எதுக்கு? தப்பா எண்ண நீ என்ன சின்னப் பிள்ளையா? காபி ஆறுது, குடி" என்றாள் ஹில்மா.

டெல்பர்ட் மீன்வள அதிகாரி. காலையிலிருந்து எங்கள் ஏரிக்கரைத் தெருவில் வீடு வீடாக ஃப்ரீசரைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளே வராதே என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. சொன்னால் சந்தேகம் வரும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

நான் பக்கத்து வீட்டுக்காரி. ஏலக்காய் ரொட்டி கொடுக்கப் போனவள், அப்படியே அவள் அடுப்படியில் நின்றுவிட்டேன்.

"பதினாலு வீடு பார்த்தாச்சு" என்றார் டெல்பர்ட். "எல்லா வீட்டுலயும் அஞ்சு, இல்லேன்னா நாலு. சொல்லி வெச்ச மாதிரி. இதோ நிக்கிற லெம்பி வீட்டுல கூட அஞ்சுதான். உங்க வீட்டைக் கடைசியா வெச்சதே, இங்க பார்க்க ஒண்ணும் இருக்காதுன்னுதான்."

அவர் சும்மா சொல்லவில்லை. ஹில்மாவின் புருஷன் ஐனோ அப்படிப்பட்ட ஆள். ஆறாவது மீன் மாட்டினால் முள்ளைக் கழற்றித் திரும்ப ஏரியிலேயே விடுவார். "என்ன ஐனோ, மீன் நன்றி சொல்லிக் கடிதம் போட்டுச்சா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். போன மாதம் உறைந்திருந்த ஏரியில் பனிக்கட்டி உடைந்து ஐனோ உள்ளே போய்விட்டார். உடலை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது.

"இதெல்லாம் ஏது?" என்று கேட்டார் டெல்பர்ட்.

"ஊர்க்காரங்க கொடுத்தது. அடக்கம் பண்ணின அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து ஒவ்வொருத்தரா வந்தாங்க. பொட்டலத்தைக் கையில கொடுத்து, கட்டிப்பிடிச்சு அழுதுட்டுப் போனாங்க. சில பேர் வாசப்படியிலயே வெச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒரு வாய் இறங்கல. வேண்டாம்னா அவங்க மனசு நோகும். வாங்கி வாங்கி அடுக்கினேன்."

"கொடுத்தவங்க பேரும் தேதியும் பொட்டலத்து மேல எழுதியிருக்கணுமே. ஒண்ணுலயும் இல்லையே."

"துக்க வீட்டுக்குக் கொடுக்கிறதுல பேர் போட்டுக் கொடுப்பாங்களா யாராவது?"

டெல்பர்ட் ஃப்ரீசர் மூடியைச் சாத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

"பிடிச்சது யாரு, கொடுத்தது யாருன்னு சட்டம் பார்க்காது. யார் ஃப்ரீசர்ல இருக்கோ அவங்க தலையிலதான் விழும். பார்த்ததைப் பார்க்கலேன்னு என்னால எழுத முடியாது. ஆனா கொடுத்தவங்க பேரைச் சொல்லுங்க. உங்களை விட்டுடச் சொல்லி மேலிடத்துல நான் பேசறேன்."

"சொல்லலேன்னா?"

"உங்க மேல கேஸ். மூணு வருஷம் நீங்க தூண்டிலைத் தொட முடியாது. அது போகட்டும். பேப்பர்ல வரும். ஊர் என்ன பேசும் தெரியுமா? பெரிய யோக்கியன் மாதிரி இருந்தான் ஐனோ, வீட்டுக்குள்ள நாற்பத்தொண்ணு பதுக்கி வெச்சிருந்திருக்கான்னு பேசும்."

அந்தப் பேச்சு ஹில்மாவைச் சுட்டுவிட்டது. கதவுக்குப் பின்னால் ஐனோவின் கோட்டு இன்னும் மாட்டியிருந்தது. அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எழுதிக்கோ" என்றாள். "அவர் போனதுக்கு அப்புறம் நானே பிடிச்சேன்னு எழுது. அவர் பேர் எங்கயும் வரக்கூடாது."

"ஹில்மாம்மா, இந்த ஒரு மாசமா நீங்க வாசலைத் தாண்டலேன்னு ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா உன்னோட வெச்சுக்கோ. பேனாவை எடு."

டெல்பர்ட் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க. பக்கத்து வீட்டுல இருக்கீங்க. யார் யார் வந்தாங்கன்னு பார்த்திருப்பீங்களே?"

"கண்ணாடி இல்லாம எனக்கு யாரையும் அடையாளம் தெரியாது" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஹில்மா கையெழுத்துப் போட்டாள். டெல்பர்ட் மீன் பொட்டலங்களைப் பெட்டி பெட்டியாக வண்டியில் ஏற்றினார். எதிர் வீட்டில் ஜன்னல் திரை லேசாக விலகி, மறுபடி மூடிக்கொண்டது. நாளைக்குத் தூண்டில் கடையில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு இப்போதே கேட்டது.

வண்டி போனதும் ஹில்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"நீ வாயைத் திறக்காம இருந்தியே லெம்பி, அதை நான் மறக்க மாட்டேன். எங்களுக்காக அழுதவங்களைக் காட்டிக் கொடுத்தா ஐனோ என்னை மன்னிப்பாரா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஐனோவின் அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சேதி எங்கள் காதுக்கு வந்தது. அடுத்த மாதம் வீடு வீடாக ஃப்ரீசர் பார்க்க வருகிறார்களாம். யார் வீட்டிலும் ஏழெட்டுக்குக் குறைந்து இல்லை. குப்பையில் கொட்டினால் மீனை வீணாக்கியதற்குத் தனியாகத் தண்டனை உண்டு. என்ன செய்வது என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

"ஐனோ வீட்டு ஃப்ரீசரை எவன் திறந்து பார்க்கப் போறான்?" என்று முதலில் சொன்னவள் நான்.