வாய் மூடிய சிறுத்தை

பொன்னில் சிறுத்தை வார்க்கும் நாளில், வார்ப்பவரின் வீட்டார் யாரும் காட்டுக்குள் போவதில்லை. தீக்கீஸ் ஆற்றங்கரை வழக்கம் அது.

"மெழுகுப் பூனைக்கெல்லாம் பயந்தா அடுப்பு எரியுமாடி?" என்று சிரித்துவிட்டுத் துரூ விறகுக்குப் போனான். ஊர்த்தலைவர் சிறுத்தைப் பதக்கத்தை அன்றே வேண்டுமென்று கேட்டிருந்தார். கணவன் திரும்புமுன் இயாமி, மெழுகுச் சிறுத்தையைப் பொதிந்து மெழுகை உருக்கி வடித்த களிமண் அச்சில் பொன்னை ஊற்றிவிட்டாள்.

ஆறியதும் களிமண்ணை உடைத்தாள். மெழுகில் அவள் இறுக மூடிவைத்த சிறுத்தையின் வாய், பொன்னில் திறந்திருந்தது. பற்களுக்கிடையே ஒரு மூக்கு வளையம் இருந்தது. காலையில் துரூவுக்கு அவளே மாட்டிவிட்ட வளையம்.

"இயாமி, பசிக்குதுடி."

துரூ வாசலில் நின்றான். கையில் விறகில்லை, மூக்கில் வளையமில்லை.

"கூழு கொதிக்குது, உக்காருங்க" என்றாள்.

அவன் அடுப்பின் பக்கம் திரும்பவேயில்லை. அவளையே பார்த்துக்கொண்டு உள்ளே வந்தான்.