காற்றுத் திருகு

"நீ ஒண்டியா இதைப் பத்த வச்சுட்டேன்னு வையி, நான் நிம்மதியா சபர் போயிடுவேன்" என்று அன்றைக்கு ஜெய்னுலாபுதீன் சொன்னார்.

"பத்தலைன்னா?" என்று அவர் மனைவி கமருன்னிசா கேட்டாள்.

"பத்துற வரைக்கும் உன்கூட இருந்துதானே ஆவணும்" என்று சிரித்தார்.

சைகோனிலிருந்து அவர் கொண்டுவந்த பித்தளை பம்பு ஸ்டவ், அப்போதுதான் வைக்கோல் உதிரப் பெட்டியைவிட்டு வெளியே வந்திருந்தது.

அவர் அக்கரையில் ஜவுளி விற்ற வருஷங்களில், அடுப்புப் புகை அவள் நெஞ்சில் இருமலாகக் குடியேறிவிட்டது. புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தப் புகையில் அவளை விட்டுவிட்டு மறுபடி சபர் என்று கப்பலேற அவருக்கு மனம் வரவில்லை. அதற்குத்தான் ஸ்டவ்.

பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். பர்னர் நன்றாகச் சூடேறி, மண்ணெண்ணெய் ஆவியான பிறகே பம்பு அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் எண்ணெயாகவே பீறிட்டு மஞ்சளாகக் கொழுந்துவிடும். அப்படி ஆனால் பயப்படாமல் இந்தத் திருகைத் திறந்துவிடு. உள்ளே அடைத்த காற்று போய்விடும், தீயும் படுத்துவிடும்.

கமருன்னிசா தலையாட்டினாள். பம்பு அடித்தாள்.

மஞ்சளாகக் கொழுந்துவிட்டது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் அவர் ஓடிவந்து திருகைத் திறப்பார். சுவரில் படிந்த கரியைத் துடைத்தபடி, சரி, இந்தக் கப்பல் போகட்டும், அடுத்ததைப் பார்க்கலாம் என்பார்.

மகள் சஃபியாதான் கேலி பேசினாள். அவள் விஞ்ஞானப் பாடத்திலேயே அது இருந்தது. எண்ணெய் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரிகிறது; காற்று போதாத சுடர் மஞ்சள், போதுமான காற்று சேர்ந்த சுடர் நீலம். உம்மாவின் காதில் விழட்டும் என்றே அதை உரக்கப் படிப்பாள். "சைகோன் அடுப்புக்குத் தமிழ் புரியலை போல, உம்மா" என்பாள்.

கமருன்னிசா சிரித்துவிட்டு, விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து இருமுவாள்.

அன்று ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கப்பல் ஏஜெண்டைப் பார்க்க ஜெய்னுலாபுதீன் காலையிலேயே நாகப்பட்டினம் கிளம்பிவிட்டார். பொழுது சாய்ந்துதான் வருவார்.

சஃபியாவுக்குக் காய்ச்சல். ராத்திரியிலிருந்து ஒன்றும் உள்ளே இறங்காதவள், அப்போதுதான் கண் திறந்து கஞ்சி கேட்டாள்.

கொல்லையில் அடுக்கியிருந்த சவுக்கு விறகு முழுக்க நனைந்திருந்தது. அடுப்பில் வைத்த கட்டையின் நுனியில் தண்ணீர் நுரைத்துச் சீறியது. மூட்டிய சூடெல்லாம் அந்த ஈரத்தை விரட்டவே போதவில்லை. தீ வரவில்லை, புகைதான் வந்தது. ஊதி ஊதி இருமினாள். உள்ளே சஃபியாவும் இருமத் தொடங்கினாள்.

கமருன்னிசா எழுந்தாள். ஸ்டவ்வைத் தரையில் இறக்கினாள்.

ஸ்பிரிட்டை அளவாக ஊற்றிப் பற்றவைத்தாள். அது எரிந்து அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு திருகை மூடி, பம்பை மெல்ல அடித்தாள்.

நீலச் சுடர் வட்டமாக எழுந்து, உஸ்ஸென்று பாடிக்கொண்டு நின்றது.

இது அவளுக்கு இரண்டாம் நாளே கைவந்துவிட்டது.

அவர் வெளியே போயிருந்தபோது ஒரு தடவை பற்றவைத்துப் பார்த்து, உடனே அணைத்து, பித்தளை ஆறும்வரை முந்தானையால் விசிறியிருந்தாள். அதன்பிறகு மஞ்சளாக்கத்தான் அவள் பாடுபட வேண்டியிருந்தது.

கஞ்சி கொதித்து, அரிசி மலர்ந்தது. பாத்திரத்தின் அடியில் கரி ஒரு துளி ஒட்டவில்லை.

வாசல்படியில் குடையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

மழையில் பஸ் ஓடாமல் அவர் பாதி வழியிலேயே திரும்பியிருந்தார். அடுக்களை வாசலில் நின்று நீலச் சுடரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

மறைக்க ஒன்றும் இல்லை. இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று கேட்பார். கேட்டு முடித்ததும், சரி, கப்பலேறுகிறேன் என்பார்.

அவர் ஈர வேட்டியோடு வந்து ஸ்டவ்வின் முன் குந்தினார். மூடியைத் தூக்கி, அரிசி வெந்துவிட்டதா என்று கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கிவைத்தார்.

பிறகு கையை நீட்டி, காற்றுத் திருகைத் திறந்தார்.

சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. நீலம் குறுகி, மஞ்சளாகத் துடித்து, அணைந்தது.

"இன்னிக்கும் உனக்கு வரலை" என்றார், அவளை ஏறிட்டுப் பார்க்காமல். "போன வாரம் நான் கடைத்தெருவுலேருந்து வந்தப்ப அடுப்பு கதகதன்னு இருந்துச்சே, அன்னிக்கும் உனக்கு வரலை. அப்படித்தானே?"

அவர் தாடிக்குள் சிரிப்பு ஒளிந்திருந்ததை அவள் அப்போதுதான் கண்டாள். எத்தனையோ வருஷமாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சு ஒன்று அவளிடமிருந்து இறங்கியது. இருமல் வரவில்லை.

சபர் கிளம்பும் ஆம்பிளையைப் போகாதே என்று சொல்லித் தடுக்கக் கூடாது, அது ஆகாது என்று கேட்டு வளர்ந்த வீட்டுப் பெண் அவள். நிக்காஹ் ஆன மறு வருஷம், முதல் கப்பலுக்கு அவரை வழியனுப்பியபோது தொண்டை வரை வந்து திரும்பிப்போன வார்த்தை, அதன்பின் ஒவ்வொரு கப்பலுக்கும் வந்து வந்து திரும்பியிருந்தது.

சூடு ஆறாத ஸ்டவ்வை நடுவில் வைத்துக்கொண்டு, கமருன்னிசா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சபர் போவாதீங்க. இங்கேயே இருந்துடுங்க."