ஒரு குரலுக்காவது

"எழுந்திருங்க... உங்களைத் தேடி வீட்டுலேர்ந்து வந்திருக்காங்க!"

ஆராய்ச்சிக்காரி அவன் காதோரம் குனிந்து கூசாமல் பொய் சொன்னாள். தேடி யாரும் வரவில்லை. சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்ததோடு சரி. பேர் தெரியாததால் வார்டில் அவன் 'விருந்தாளி'.

விரல்களில் ஒட்டிய வயர்கள் தோலின் ஈரத்தை அளந்து, திரையில் கோடாக இழுத்துக்கொண்டிருந்தன. உள்ளே துளி நினைவிருந்தாலும் விரல் லேசாக வியர்க்கும், கோடு மேலே ஏறும். குழந்தை அழுகை, லாரி ஹாரன், பெண்ணின் சிரிப்பு, எதைப் போட்டாலும் கோடு படுத்தே கிடந்தது.

நர்ஸ் ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்தாள். கோடு துள்ளியது.

"பாருங்க மேடம்! நான் தொட்டா மட்டும் குதிக்குது. நேத்தும் இப்படித்தான்."

"உடம்பு ஆடினா வயர் இழுபடும் சிஸ்டர், அதான். தொடுற நேரத்துல வர்றதையெல்லாம் புரோகிராமே கழிச்சிடும்."

கழித்துவிட்டது. 'எதிர்வினை இல்லை' என்று திரையில் வந்தது. மனசு கேட்காமல் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதேதான்.

"இன்னும் எவ்வளவு நாள்தான் மெஷினே இவருக்காக மூச்சு விடும்?" என்றார் பெரிய டாக்டர். "உங்க ரிசல்ட்டுக்காகத்தான் காத்திருந்தேன். நிறுத்திடலாமா?"

ஆராய்ச்சிக்காரி சரியென்று தலையை ஆட்டினாள்.

மெஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவனும் அடங்கிப்போனான்.

மறுநாள், பேப்பரில் வந்த போட்டோவைப் பார்த்துவிட்டு அவன் அண்ணன் ஓடிவந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். ஆராய்ச்சிக்காரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கடைசி வரைக்கும் நினைவே வரலியாம்மா?"

"நாங்களும் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தோம்ணா. விதவிதமா சத்தம் போட்டுப் பார்த்தோம். ஒரு குரலுக்காவது அசைவாரான்னு தவம் கிடந்தோம்..."

அவர் மெல்லத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"அவனுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காதேம்மா!"