ஜன்னலோர இடம்

பகலெல்லாம் நின்று துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், மாலையில் ரயில் மாறும் நிலையத்தில் அடித்துப்பிடித்து முன்னே ஓடி, ஜன்னல் வழியே தன் நீலக் கைக்குட்டையைப் போட்டு மனைவிக்கு இடம் பிடிப்பார். கிடைப்பது ஓரிடம்தான், அவர் நின்றுகொண்டே வருவார்.

அவர் இறந்த பிறகும் தினமும் ஜன்னலோரத்தில் அந்தக் கைக்குட்டை கிடந்தது. அவள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக் கொடியில் போடுவாள். மறுநாள் மாலை, அதே சோப்பு வாசனையோடு இருக்கையில் கிடக்கும்.

இன்று அது வேர்வையில் நனைந்திருந்தது.

"உக்காருங்கக்கா," என்றாள் பின்னால் நின்ற நர்ஸ்.

"இருக்கட்டும்மா. அவருக்குக் கால் கடுக்கும்."

கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். அத்தனை நெரிசலிலும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. அந்தக் காலி இடத்துக்கு எதிரே இருந்தவர், முட்டி இடிக்குமென்று தம் கால்களைச் சற்று மடக்கிக்கொண்டார்.