அத்தை வீட்டுத் தூரம்

புளியங்குடி பஸ்ஸில் தங்கச்சி சொக்கம்மாள் வந்து இறங்கியிருக்கிறாள் என்றதுமே தென்காசிக் குற்றாலிங்கம் அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

பின்னே? மகன் வீரபாகு மெட்ராஸில் புள்ளியியல் ஆராய்ச்சி பண்ணுகிறான். இன்றைக்கோ நாளைக்கோ டாக்டர் பட்டம். சொக்கம்மாள் வீட்டிலோ கல்யாண வயதில் சண்முகசுந்தரி. முறைப்பெண் வேறு. எலுமிச்சைக் கமிஷன் கடை நொடித்துப்போய்க் கிடக்கிறவள், சாரல் விழுகிறது என்று குற்றாலத்தில் குளிக்கவா வந்திருப்பாள்?

மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல மனிதருக்குத் தைரியம் கிடையாது. மகனைக் கூப்பிட்டார்.

"ஒன் ஆராய்ச்சியை அத்தைக்குக் கொஞ்சம் சொல்லுலே."

ஊருக்கு ஊர் மழை எவ்வளவு தூரம் வேறுபடுகிறது என்கிற அந்தக் கணக்கைக் கேட்டால் அவளே புரிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவாள் என்பது அவர் திட்டம்.

பிள்ளைக்குச் சூது தெரியாது. கேட்க ஆள் கிடைத்த குஷி. மலையடிவாரத்துக் கடையத்தில் மழை பெய்கிற விதம் ஒரு புள்ளி, வறண்ட திருவேங்கடத்தில் பெய்கிற விதம் இன்னொரு புள்ளி. இப்படி எல்லா ஊரையும் வைத்துக்கொண்டே போனால் மலைச்சரிவு மாதிரி வளைந்த ஒரு பரப்பு வரும். அதில் தூரம், கோணம், வளைவு எல்லாம் ஒரே சூத்திரத்திலிருந்து பிறக்கும் என்றான்.

"பாத்தியா சொக்கு? செழிப்பும் வறட்சியும் ரொம்பத் தூரம். சேரவே சேராது. கணக்கே சொல்லுது."

"முழுசாக் கேளுங்கப்பா. கடையத்து மழையை நம்பித் திருவேங்கடம் போறவன் ஏமாறுத அளவு வேற. அங்கன உள்ளதை நம்பிக் கடையம் வாறவன் ஏமாறுத அளவு வேற. சூத்திரம் ஒண்ணுதான். ஆனா இங்கன இருந்து அளந்தா ஒரு தூரம், அங்கன இருந்து அளந்தா வேற தூரம்."

அதெல்லாம் எதற்கு, முதல் பாதியே போதும் என்று குற்றாலிங்கம் அவன் வாயை அடைத்துவிட்டார்.

சொக்கம்மாளுக்குப் புரியாமல் இல்லை. முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"சுந்தரிக்குச் செங்கோட்டையில மாப்பிள்ளை பேசி முடிச்சிருக்கு அண்ணாச்சி. ஆவணியில கல்யாணம். தாய்மாமன் நீங்க முன்னால நிக்கலேன்னா ஊரு சிரிக்கும். அதான் வந்தேன்."

அப்பாடா என்று மூச்சுவிட வேண்டிய மனிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். முறைமாப்பிள்ளை இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கையில் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி முடிக்கலாம், இந்த அவமானத்துக்குப் பிறகு கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு வருவது என்று கத்தினார்.

சொக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க மனசு நோகும்னுதான் சொல்லாம இருந்தேன். மொதல்ல உங்க வீட்டைத்தான் அவகிட்டப் பேசினேன் அண்ணாச்சி. 'அத்தான் தங்கந்தாம்மா, ஆனா மாமா இருக்க வீட்டுல நான் எப்படிக் காலம் தள்ளுவேன்'னு சுந்தரி ஒத்தக்கால்ல நின்னுட்டா."