பேஸா, ஸ்போர்ட்டா?

இன்றைக்கு ஒரு வண்டியாவது விற்காவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் பழைய கார் கடைக்குள் நுழைந்த பெரியவரை விற்பனையாளன் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டும் ஒரே பழைய கூபே கார்தான் சார், ரெண்டு கதவு வண்டி. இது பேஸ் மாடல், விலை கம்மி. அது ஸ்போர்ட். பெரிய இன்ஜின், டபுள் சைலன்சர், சீட்டு அப்படியே இடுப்பைப் பிடிச்சுக்கும்…"

"அதெல்லாம் விடுங்க தம்பி. ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினான். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"பிடிபடலையே! நான் உங்க ஆபீஸ் ரூமுக்குள்ள போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கிறேன். மறுபடி பண்ணுங்க."

வந்து வாய்த்ததே ஒரு ஏழரை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருகினான். பேஸ் முனகியது. பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். ஸ்போர்ட் உறுமியதும் கண்ணாடியைத் தட்டி, அதேதான் என்று சைகை காட்டினார்.

விற்பனையாளன் ஓடினான். "அப்ப ஸ்போர்ட்டையே முடிச்சிடலாமா சார்?"

"வாங்க வரல தம்பி. அந்தச் சத்தத்தை இந்த போன்ல பதிஞ்சு குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் பையன் இதே வண்டிதான் வெச்சிருந்தான். மோதினதுல வண்டி சுக்குநூறு. அவன் ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காம கிடக்கான். அவனுக்குப் பிடிச்ச சத்தம் எதையாவது காதுல போடுங்கன்னு டாக்டர் சொல்றாரு."

"அவர் வண்டி எந்த மாடல்னு உங்களுக்கே தெரியாதா சார்?"

"நான் அதுல ஒரு நாள்கூட ஏறினதில்ல. அவன் வர்ற சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திடுவேன்."